பிரைட்டனிலிருந்து ஒரு கடிதம்: மீர் தஸ்த் பற்றிய சில குறிப்புகள்

1915 ஜூலையில் இங்கிலாந்தின் தென்கரைப் பட்டினமான பிரைட்டனிலிருந்து இந்தியாவின் வடமேற்கு எல்லையில் உள்ள கோஹாட்டுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் மீர் தஸ்த், அப்ரீதிக் கோத்திரத்துப் பட்டாணியர். கடிதத்துக்குரியவர் அவரது பழைய படைப்பிரிவில் இருந்த ஒரு நாயக். நான்கைந்து வரிகள்தான். நமது படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், இனியும் செய்வார்கள் என்கிறார். தனக்கு விக்டோரியா சிலுவை கிடைத்திருப்பதைச் சொல்லி வாழ்த்துக் கேட்கிறார். அடுத்து, பதக்கம் மிக நல்ல பொருள்தான், ஆனால் இந்த விஷவாயு தன்னை ஆறியிருக்க விடவில்லை, தன் கதை முடிந்துபோயிற்று என்று எழுதுகிறார்.

பிரித்தானியப் பேரரசில் ஒரு படைவீரனுக்குக் கிடைக்கக்கூடிய அதியுயர் விருதைப் பெற்ற மனிதர், அதைப் பெற்ற சில நாட்களுக்குள் எழுதியது இது. பெருமையும் முறையீடும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. நான் இந்த வரிகளைத் தேடிப் போனவனல்ல. சொறிக்கல்முனையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அவை என் கையில் வந்து சேர்ந்தன.

சொறிக்கல்முனையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் அண்மையில், நமது முஸ்லிம் ஊர்களுக்கும் தமிழ் ஊர்களுக்கும் நடுவே, வயல்கள் சூழக் கிடக்கும் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் அது. அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலம் பெயர் பெற்றது. அந்தப் பிள்ளைகளுக்கு முதலாம் உலக மகா யுத்தத்தைப் படிப்பிப்பது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருந்தது. சேர்பிய இளைஞன் சுட்டான், ஒஸ்திரிய இளவரசர் இறந்தார், வல்லரசுகள் மோதின என்று பாடப்புத்தகம் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன், "சேர், அந்தச் சண்டையில நம்மட பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான். இந்தியச் சிப்பாய்கள் இலட்சக்கணக்கில் போனார்கள், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மட்டும் ஏறக்குறைய 138,000 பேர் இருந்தார்கள் என்றேன். அவன் விடவில்லை. "அவங்கட பேர் என்ன சேர்?" என்றான்.

அந்தப் பெயரைத் தேடித்தான் டேவிட் ஒமிஸி 1999இல் தொகுத்து வெளியிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்கத் தொடங்கினேன். அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களின் பகுதிகள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றாக மீர் தஸ்தின் வரிகள் இருந்தன. மறுவாரம் வகுப்பில் பெயரைச் சொன்னேன். "முஸ்லிம் ஆள் சிலுவையையா சேர் வாங்கினார்?" என்று அதே பையன் கேட்க வகுப்பே சிரித்தது. கேள்வி அப்படியொன்றும் சிரிப்புக்குரியதல்ல.

கடிதம் எவ்வாறு நம்மிடம் வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் அதுவே கடிதத்தின் பாதி வரலாறு.

1914 இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சில் இறங்கியதும், அவர்களது கடிதங்களைப் படித்துப் பார்க்க ஒரு தணிக்கை அலுவலகம் நிறுவப்பட்டது. சிப்பாய்களுக்குத் துண்டுப்பிரசுரங்கள் ஏதும் வருகின்றனவா என்று பார்ப்பது முதல் நோக்கம். பின்னர் அவர்களின் மனநிலையை அறிவதே முக்கிய வேலையாயிற்று. எழுதத் தெரியாதோர் பலர் இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்தார்கள். ஊரிலும் இன்னொருவரே வாசித்துக் காட்டினார். நடுவில் படைப்பிரிவின் அதிகாரி பார்த்தார், அதன்பின் தணிக்கையாளர் பார்த்தார். உருது, பஞ்சாபி, ஹிந்தி எனப் பல மொழிகளில் எழுதப்பட்டவற்றில் கவனத்துக்குரிய பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அறிக்கைகளோடு இணைக்கப்பட்டு இலண்டனிலுள்ள இந்தியா அலுவலகத்துக்குப் போயின. இன்று பிரித்தானிய நூலகத்தில் இருப்பவை அந்த ஆங்கிலப் பகுதிகள். மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

தொடக்க காலத்தில் இந்தத் தணிக்கைக்குத் தலைமை தாங்கியவர் ஈவ்லின் ஹவல் என்ற இந்தியச் சிவில் சேவை அதிகாரி. பஷ்தூ மொழியை நன்கறிந்தவர். பல்லாண்டுகளின் பின் ஓலஃப் கரோவுடன் சேர்ந்து பட்டாணியப் பெருங்கவி குஷ்ஹால் கான் கத்தக்கின் கவிதைகளை ஆங்கிலத்துக்குத் தந்தவரும் அவரே. வேவு பார்த்தவன் கவிதையை மொழிபெயர்த்தான் என்று ஏளனம் செய்யலாம். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அவரது அறிக்கைகளில் சிப்பாய்களின் மனச்சோர்வை மேலிடத்துக்கு மறைக்காமல் சொல்லும் நேர்மை இருக்கிறது. ஆயினும் அவர் உத்தியோகம் உத்தியோகந்தான்.

ஆக, நாம் வாசிப்பது மீர் தஸ்தின் சொற்களை அல்ல. அவர் சொல்லி, எழுத்தாகி, சந்தேகக் கண்ணோடு படிக்கப்பட்டு, தெரிந்தெடுக்கப்பட்டு, வேற்று மொழியில் வடிக்கப்பட்ட எச்சத்தை. தன் கடிதத்தைப் பிறர் பிரிப்பார்கள் என்பது சிப்பாய்க்கும் தெரியும். தெரிந்தே எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகை அவ்வளவாக எடுப்பதில்லை என்று ஒருவர் ஊருக்கு எழுதினார். இந்தியச் சிப்பாய்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும்தான் அந்த மிளகு வகைகள். தணிக்கையாளர்கள் அதை விரைவிலேயே விளங்கிக்கொண்டார்கள்.

இத்தகைய கடிதங்களை வாசிக்க நமது பகுதியைச் சேர்ந்தவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறேன். 1990களில் சொறிக்கல்முனையில் ஒரு தாய், சிறையிலிருந்த மகனிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தார் கொண்டுவந்து கொடுத்த தாளை என்னிடம் வாசிக்கத் தந்தார். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம் என்பது விதி. நான் சுகம், நீங்கள் சுகமா, மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று இருந்தது. வாசித்து முடித்ததும் அவர், "இன்னொருக்கா வாசிங்க சேர், மாடு எண்ட இடத்த" என்றார். அவர்களிடம் மாடு இல்லை, இருந்ததும் இல்லை. அது எதைக் குறித்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தணிக்கைக்குத் தப்பிய கடிதங்களில் பொருந்தாத சொல்லைத்தான் முதலில் தேடுகிறேன்.

மீர் தஸ்தின் கடிதத்தில் பொருந்தாத சொல் 'ஆனால்' என்பதே. பதக்கம் நல்ல பொருள், ஆனால்.

அந்த 'ஆனால்' பிறந்த நாள் 1915 ஏப்ரல் 26. நான்கு நாட்களுக்கு முன்னர், 22ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வடக்கே ஜேர்மனியர் குளோரின் வாயுவை உருளைகளிலிருந்து திறந்துவிட்டிருந்தார்கள். மேற்குப் போர்முனையில் பெருமளவில் விஷவாயு பயன்பட்டது அதுவே முதல் தடவை. உடைந்த அணியைச் சீர்செய்ய இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அவசரமாக ஈப்ருக்கு நடத்திச் செல்லப்பட்டது. 26ஆம் திகதி பிற்பகல், வீல்ட்யே என்ற இடத்தருகே, மறைப்பற்ற திறந்த வெளியில் அவர்கள் முன்னேறினார்கள். எதிரியின் பதுங்குகுழியை நெருங்கும் வேளையில் வாயு வந்தது. முகமூடி கிடையாது. ஈரத் துணியை வாயில் கட்டிக்கொள்வதே அறிந்த பாதுகாப்பு. குளோரின் நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. உள்ளே நீர் கோத்து, தரையில் கிடக்கும் மனிதன் தண்ணீரில் மூழ்குபவனைப்போல மூச்சுத் திணறுகிறான். ஈப்ரில் இருந்த சில நாட்களில் மட்டும் லாகூர் டிவிஷன் 3,800க்கு மேற்பட்டோரை இழந்தது. இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்த்து.

55ஆவது கோக்ஸ் ரைபிள்ஸைச் சேர்ந்த மீர் தஸ்த் அப்போது 57ஆவது வைல்ட்ஸ் ரைபிள்ஸில் இணைக்கப்பட்ட ஜமேதாராக இருந்தார். கடிதம் கோஹாட்டிலிருந்த 55ஆவது படைப்பிரிவுக்குப் போனதன் காரணம் இதுவே. தாய்ப்பிரிவு அதுதான். அன்று அவரது பகுதியில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருவரும் எஞ்சவில்லை. சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்துப் பின்வாங்கும் கட்டளை வரும்வரை தன் கீழ் வைத்திருந்தார் என்றும், கடும் சூட்டுக்கிடையே பிரித்தானிய, இந்திய அதிகாரிகள் எட்டுப் பேரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச்செல்ல உதவினார் என்றும் விருதுக்கான அரச அறிவித்தல் சொல்கிறது. வாயுவைப் பற்றி அந்த அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை. அதை அறியக் கடிதத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

அவர் புதிய சிப்பாயல்ல. 1874இல் திராஹ் மலைநாட்டில் பிறந்தவர், 1894இல் படையில் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளில், 1897இல், அதே பிரித்தானிய இந்திய இராணுவம் திராஹுக்குள் புகுந்து அப்ரீதிகளின் ஊர்களைக் கொளுத்தியது. 1908இல் மொஹ்மந்துகளுக்கு எதிரான படையெடுப்பில் காட்டிய துணிவுக்காக அவருக்கு இந்திய ஓடர் ஒஃப் மெரிட் கிடைத்தது. தன் இனத்தாரின் எல்லையிலேயே தன் எசமானர்களுக்காகப் போரிட்டவர். இவரை நமது பத்திரிகைகளில் எழுதும் சிலர் 'கூலிப்படைக்காரர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். ஆங்கிலேய எழுத்தாளர் சிலர் 'விசுவாசமான வீரன்' என்று ஒரு சொல்லில் தூக்கிவிடுவார்கள். இரண்டு கூட்டத்தாரும் அந்த மனிதன் எழுதியதைப் படிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

காயமுற்ற அவர் கொண்டுவரப்பட்ட இடம் விசித்திரமானது. பிரைட்டனின் ராயல் பெவிலியன், நான்காம் ஜோர்ஜ் மன்னர் இளவரசராக இருந்தபோது தொடங்கிய கேளிக்கை மாளிகை. வெளித்தோற்றத்தில் முகலாயக் கும்மட்டங்களும் மினாராக்களும். இந்தியாவைப் பாராதவர்கள் கற்பனையில் கட்டிய இந்தியா. 1914 டிசம்பரில் அது இந்தியச் சிப்பாய்களுக்கான வைத்தியசாலையாக்கப்பட்டது. 700க்கு மேற்பட்ட கட்டில்கள். சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். மௌத்தான முஸ்லிம்கள் வோக்கிங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலின் அயலில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். இந்துக்களும் சீக்கியர்களும் பிரைட்டனுக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921இல் 'சத்ரி' எனும் நினைவுமண்டபம் எழுந்தது. இத்தனை கவனிப்பும் பாசத்தால் மட்டும் வந்ததல்ல. முஸ்லிம் சிப்பாய்களின் ஜனாஸாக்கள் முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜேர்மனியர் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். கட்டில்களில் கிடந்த காயக்காரர்களின் படங்கள் இந்தியாவெங்கும் பரப்பப்பட்டன.

படத்தில் வராத பக்கமும் உண்டு. கையில் காயப்பட்டு வரும் இந்தியர் தொகையைப் பார்த்து, இவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற பேச்சு இராணுவத்தில் எழுந்தது. பிரைட்டனிலிருந்த இன்னொரு இந்திய வைத்தியசாலையான கிச்னர் வைத்தியசாலையின் பொறுப்பதிகாரி கேர்ணல் புரூஸ் சீற்றன் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1915இல் ஓர் அறிக்கை எழுதினார். அந்தப் பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதே அவர் முடிவு. நல்ல மனிதர். ஆனால் நினைத்துப் பாருங்கள், சிப்பாயின் கடிதம் மட்டுமல்ல, அவன் புண்ணும் சந்தேகத்தோடு வாசிக்கப்பட்டிருக்கிறது.

புண் ஆறினால் மீண்டும் போர்முனை. இதுதான் பிரைட்டன் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் முறையீடு. ஒருமுறை இரத்தம் சிந்தினால் ஊருக்கு அனுப்புவார்கள் என்று நம்பி வந்தவர்கள், மறுபடியும் பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பெவிலியன் புல்வெளியில் மீர் தஸ்துக்குத் தன் கையாலேயே பதக்கத்தைக் குத்தினார். அப்போது மீர் தஸ்த் மன்னரிடம் ஒரு வேண்டுகோள் வைத்ததாக, அந்த வைத்தியசாலையிலிருந்த ஒருவர் எழுதிய கடிதம் கூறுகிறது. ஒருமுறை காயப்பட்டவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பவேண்டாம் என்பதே அது. தனக்கென்று நிலமோ பதவியோ கேட்கக்கூடிய வேளை. அவர் கேட்டது கட்டில்களில் கிடந்த மற்றவர்களுக்காக. வீல்ட்யேயில் எட்டுப் பேரைத் தூக்கியதைவிட இது பெரிய துணிவு என்று என் மனதுக்குப் படுகிறது. அங்கு குண்டுக்கு முன்னால் நின்றார். இங்கு பேரரசரின் முகத்துக்கு நேரே நின்று, சபையில் யாரும் கேட்க விரும்பாத ஒன்றைச் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் அவரது குடும்பமே சந்தேகத்தின் நிழலில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மீர் தஸ்தின் சகோதரர் மீர் மஸ்த், 58ஆவது வோன்ஸ் ரைபிள்ஸில் ஜமேதார். 1915 மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு, நூவ் ஷப்பல் பகுதியில், அப்ரீதிச் சிப்பாய்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஜேர்மன் பக்கம் போய்விட்டார். அதற்கு முந்திய நவம்பரில் உதுமானியக் கிலாபத் ஜிஹாதை அறிவித்திருந்தது. பேர்லினுக்குத் தெற்கே சொசென் அருகே முஸ்லிம் கைதிகளுக்கென 'பிறை முகாம்' அமைத்து, அங்கே 1915 ஜூலையில் மரத்தாலான ஒரு பள்ளிவாசலையும் ஜேர்மனியர் திறந்தார்கள். ஜேர்மன் மண்ணில் தொழுகைக்கென எழுந்த முதல் பள்ளிவாசல் அது. மீர் மஸ்த் பின்னர் ஆப்கானிஸ்தானுக்கான ஜேர்மன் தூதுமுயற்சியில் சேர்ந்து தன் மலைநாட்டுக்குத் திரும்பினார். கெய்ஸர் அவருக்கு இரும்புச் சிலுவை தந்தார் என்ற கதை நெடுங்காலம் உலவுகிறது, ஆதாரம் கிடையாது. ஒரு சகோதரருக்கு ஆங்கிலேயச் சிலுவை, மற்றவருக்கு ஜேர்மன் சிலுவை என்ற பொருத்தத்தின் அழகுக்காகவே அந்தக் கதை பிழைத்திருக்கிறது போலும்.

இந்த இரு சகோதரரில் 'நம்மவர்' யார் என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு நண்பர் சற்றுக் கோபமாகவே கேட்டார். கிலாபத்தின் அழைப்புக்குப் போனவரை விட்டுவிட்டு வெள்ளைக்காரனிடம் பதக்கம் வாங்கியவரை ஏன் எழுதுகிறீர் என்றார். மீர் மஸ்தின் பதுங்குகுழிக் குறிப்பேடு ஒன்று டெல்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் சந்தனு தாஸ் என்ற ஆய்வாளர் அதைக் கண்டு எழுதினார். ஜிஹாத் முழக்கமும் துரோகத் திட்டமும் அதில் இருக்குமென எதிர்பார்ப்போம். அதிலிருப்பது உருதுச் சொற்களும் அவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும். போர்வை, பசி, தயவுசெய்து, தேனிலவு. பதுங்குகுழியில் இருந்துகொண்டு ஒரு மனிதன் வேற்றுப் பாஷையில் பசியைச் சொல்லப் பழகியிருக்கிறான். அவன் ஏன் போனான் என்பதற்கு நண்பரின் ஒற்றை வரி விடை போதாது. மீர் தஸ்த் ஏன் நின்றார் என்பதற்கும் அப்படித்தான்.

சகோதரர் இருவர் இரு அணியில் நிற்பது இலங்கை முஸ்லிம்களுக்குப் புதிதுமல்ல. 1803இல் கண்டியில் மேஜர் டேவியின் படை அழிந்தபோது, ஆங்கிலேயரின் மலாயர் படையில் கப்டன் நூருத்தீன் இருந்தார். கண்டி அரசனின் மலாயர்களுக்குத் தலைவனாக அவர் சகோதரர் சங்குங்லோ இருந்தார். இருவருமே பிழைக்கவில்லை. கடந்த நூற்றாண்டின் கடைசியில் நமது கரையிலும் ஒரே வீட்டில் ஒருவன் இயக்கத்துக்கும் இன்னொருவன் ஊர்காவல் படைக்கும் போன குடும்பங்கள் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை, வாசகர்களில் பலருக்குத் தெரியும்.

1915 நமக்கு வேறொரு வகையிலும் நெருங்கிய ஆண்டு. மே 28ஆம் திகதி இரவு கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் சூறையாடியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம். அடக்க இறக்கப்பட்டவர்களில் 28ஆவது பஞ்சாபியர் படையும் ஒன்று, மீர் தஸ்த் சேவித்த அதே இந்திய இராணுவத்தின் பகுதி. எஃப்.ஆர். சேனாநாயக்கவும் டி.எஸ். சேனாநாயக்கவும் சிறையில் இருந்தார்கள். ஜூலை 7ஆம் திகதி ஹென்றி பேதிரிஸ் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மீர் தஸ்த் தன் கடிதத்தை எழுதியதும் அதே மாதந்தான். உலகப் போரின் ஓட்டத்தில் ஒரு முஸ்லிம் சிப்பாய் பிரைட்டனில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, அவனைப் போன்ற சிப்பாய்கள் இங்கே கலவரத்துக்குள்ளான முஸ்லிம்களின் காவலராகவும், பிடிபட்ட சிங்களவருக்கு அச்சமாகவும் தெருவில் நின்றார்கள். இலங்கை வரலாற்று நூல்கள் அந்தப் பஞ்சாபியரை ஒரு படையாக மட்டுமே அறியும். அவர்களில் ஒருவரேனும் கொழும்பிலிருந்து வீட்டுக்கு எழுதியிருப்பாரல்லவா? நமது பல்கலைக்கழக மாணவர்கள் தேடத்தக்க விடயம் இது.

1915 முடிவதற்குள் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லைக்கு அப்பாற்பட்ட பட்டாணியரைப் படைக்குச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. மீர் தஸ்தின் பதக்கம் அவர் கோத்திரத்தார் மீதான சந்தேகத்தைத் துடைக்கவில்லை. அவர் சுபேதாராக உயர்த்தப்பட்டார், 1917இல் ஓய்வுபெற்றார். மன்னரிடம் கேட்டது பொது விதியாகவில்லை. 1945 ஜனவரியில் பெஷாவர் மாவட்டத்தில் மௌத்தானார். தன் கதை முடிந்துபோயிற்று என்று எழுதியவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

இலண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அண்மையில் 2002இல் திறக்கப்பட்ட நினைவு வாயில்களின் பக்கத்தில் ஒரு சிறு மண்டபம் உண்டு. அதன் உட்கூரையில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஆபிரிக்கா, கரிபியன் நாடுகளிலிருந்தும் போய் விக்டோரியா சிலுவை பெற்றவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மீர் தஸ்தின் பெயரை அங்கே அண்ணாந்து பார்த்துத்தான் வாசிக்கவேண்டும். அவருடைய கடிதம், அதே நகரில், பிரித்தானிய நூலகத்தின் தணிக்கை அறிக்கைக் கட்டொன்றுக்குள் இன்னொருவரின் ஆங்கிலத்தில் இருக்கிறது. சகோதரரின் சொற்குறிப்பேடு டெல்லியில்.